காணாமல் போன 17 பாட்டில் அல்பிரசோலம்: அமெரிக்கச் சிறுநகர மருந்துக்கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிறுநகரம். அங்கே குடும்பமாக நடத்தப்படும் மருந்துக்கடை ஒன்றில் 2023 இறுதியில் தொடங்கி 2024-இல் முடிந்த நிகழ்வு இது. ஆட்களோ கடையோ அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்கள் விடப்பட்டுள்ளன. மாத்திரைக் கணக்குகள் முழு எண்களாக்கப்பட்டுள்ளன.

பின்னணி

கடை உரிமையாளரே பொறுப்பு மருந்தாளுநர். வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் இன்னொரு மருந்தாளுநர், மருந்தாளுநருக்கு உதவும் மூன்று டெக்னீஷியன்கள், கல்லாவில் ஒருவர் என்று சிறிய கடை. போதைப்பொருள் அமலாக்க நிர்வாகத்திடம் (இனி டி.இ.ஏ.) மூன்றாண்டுப் பதிவு பெற்றிருந்தது.

1970-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு மருந்துகள் சட்டம், அடிமையாகக்கூடிய மருந்துகளை ஐந்து ஷெட்யூல்களாக (பட்டியல்களாக) பிரிக்கிறது; எண் கூடக் கூடக் கட்டுப்பாடு தளரும். முதலாவதில் இருப்பவை கடைக்கே வராது. ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், ஆம்ஃபெட்டமைன் போன்றவை ஷெட்யூல் 2. ஹைட்ரோகோடோன் கலவை மாத்திரைகள் 2014 அக்டோபர் 6 வரை ஷெட்யூல் 3-இல் இருந்து, அன்று மேலே ஏற்றப்பட்டவை. அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மாத்திரை), ஸோல்பிடெம் (தூக்க மாத்திரை), டிரமடால் (வலி மாத்திரை) எல்லாம் ஷெட்யூல் 4.

ஷெட்யூல் 2 விஷயத்தில் இந்தக் கடை கண்ணும் கருத்துமாக இருந்தது. மருந்து இரும்புப் பெட்டகத்துக்குள் இருக்கும், சாவி மருந்தாளுநர் கையில் இருக்கும். டி.இ.ஏ.வின் ஆர்டர் படிவமான படிவம் 222 இல்லாமலோ அதற்கு ஈடான மின்னணு ஆர்டர் இல்லாமலோ வாங்க முடியாது. ஒவ்வொரு மாத்திரைக்கும் தொடர் இருப்புப் பதிவேடு உண்டு, மாதம் ஒருமுறை இருவர் சேர்ந்து எண்ணுவார்கள். ஷெட்யூல் 3 முதல் 5 வரையுள்ளவை மற்ற மருந்துகளோடு அகரவரிசையில் திறந்த அலமாரியில் கலந்து இருந்தன. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. திருடனுக்கு எது எங்கே என்று தெரியாதபடி கலந்து வைக்கலாம் என்று டி.இ.ஏ.வின் 1301.75-ஆம் விதியே அனுமதிக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு வெளியிலிருந்து வரும் திருடனுக்குத்தான் பொருந்தும். உள்ளே வேலை பார்ப்பவருக்கு எல்லா இடமும் அத்துப்படி.

ஆர்டர் போடும் வேலை பல ஆண்டு அனுபவமுள்ள மூத்த டெக்னீஷியனிடம் இருந்தது. மாலையில் மொத்த விற்பனையாளரின் இணையதளத்தில் ஆர்டர் போடுவார். மறுநாள் காலை பெட்டிகள் வந்ததும் அவரே பிரித்துச் சரிபார்ப்பார், இன்வாய்ஸைக் கோப்பில் போடுவதும் அவரே. கட்டுப்பாட்டு மருந்துகள் தனி முத்திரையிட்ட பெட்டியில் வரும். டெலிவரி தாளில் கையெழுத்து மருந்தாளுநருடையது, ஆனால் காலை நேரக் கூட்டத்தில் பெட்டியைத் திறக்காமலேயே போட்ட கையெழுத்து.

முதல் அறிகுறி

ஒரு நாள் அல்பிரசோலம் 1 மி.கி. ஆர்டருக்கு எதிரே "அனுப்பியது: 0" என்று வந்தது. உரிமையாளர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 அக்டோபரில் ஆம்ஃபெட்டமைன் மாத்திரைத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டதிலிருந்து சுழியம் போட்ட வரிகள் அவருக்குப் பழகிப்போயிருந்தன. இதையும் தட்டுப்பாடு என்றே நினைத்தார்.

உண்மையில் அது, ஒரு கடைக்கு இவ்வளவுதான் என்று மொத்த விற்பனையாளர் வைத்திருந்த உச்சவரம்பு. அளவில், அடுக்கில், இடைவெளியில் வழக்கத்துக்கு மாறான ஆர்டர்களைக் கண்டுபிடித்து டி.இ.ஏ.வுக்குச் சொல்ல வேண்டும் என்ற 1301.74-ஆம் விதி அவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, மருந்துக்கடையை அல்ல. ஆனாலும் அடி கடைக்கு வந்து விழுகிறது. 2022-இல் மூன்று பெரிய மொத்த நிறுவனங்கள் ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) வழக்குகளில் 18 ஆண்டுகளில் 2,100 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டன. அதன் பிறகு இந்தக் கண்காணிப்பு இன்னும் இறுகியது. வரம்பு எவ்வளவு என்று கடைக்குச் சொல்லப்படுவதில்லை, முட்டும்போதுதான் தெரியவரும்.

மூன்று வாரம் கழித்து மொத்த விற்பனையாளரிடமிருந்து கேள்விப் பட்டியல் வந்தது. கடந்த மாதங்களில் எவ்வளவு அல்பிரசோலம் விற்றீர்கள், அதிகம் எழுதும் மருத்துவர்கள் யார், காப்பீடு இல்லாமல் ரொக்கமாக வாங்குபவர்கள் எத்தனை பங்கு என்பன கேள்விகள். பதில் எழுதுவதற்காக உரிமையாளர் மென்பொருளிலிருந்து விற்பனை அறிக்கையை எடுத்து, மொத்த விற்பனையாளரின் கொள்முதல் அறிக்கையோடு வைத்துப் பார்த்தார். விற்றதைவிட வாங்கியது மிக அதிகம். அலமாரியிலோ அந்த மிச்சம் இல்லை. அன்று வியாழக்கிழமை மாலை.

வியாழன் இரவு: எண்ணிக்கை

சனிக்கிழமை கடை மூடிய பிறகு நிதானமாக எண்ணலாம் என்பதுதான் உரிமையாளரின் முதல் எண்ணம். கடையின் வழக்கறிஞர் வேண்டாம் என்றார். திருட்டோ குறிப்பிடத்தக்க இழப்போ கண்டறியப்பட்டால் ஒரு வேலைநாளுக்குள் டி.இ.ஏ. மண்டல அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1301.76. எந்த நிமிடத்தில் "கண்டறிந்தீர்கள்" என்று பின்னால் வாதம் வந்தால், வியாழன் மாலை அறிக்கையை அச்சிட்ட நேரம் தாளின் மூலையிலேயே இருக்கும். அதனால் அன்று இரவே எண்ணுவது என்று முடிவானது.

உரிமையாளரும் இன்னொரு மருந்தாளுநரும் ஷெட்யூல் 2 முதல் 5 வரை எல்லாவற்றையும் எண்ணினார்கள். ஒருவர் எண்ணியதை மற்றவருக்குக் காட்டாமல் தனித்தனித் தாளில் குறித்து, பிறகு ஒப்பிட்டார்கள். மருந்தின் பெயர், வடிவம், வீரியம், பாட்டிலின் அளவு, முழுப் பாட்டில்கள், திறந்த பாட்டிலில் உள்ளவை, தேதி, "கடை மூடிய பின்" என்ற குறிப்பு எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். இப்படி முழுமையாகச் செய்ததால் அதையே இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய புதிய இருப்புக் கணக்காகவும் கொள்ள முடிந்தது. முந்தைய கணக்கிலிருந்து இரண்டாண்டுக்குள் எந்த நாளிலும் எடுக்கலாம், புதிய நாளிலிருந்து கெடு மீண்டும் ஓடத் தொடங்கும்.

அல்பிரசோலம் 1 மி.கி.க்கு, முந்தைய இருப்புக் கணக்கிலிருந்து அன்று வரையுள்ள 14 மாதத்துக்கு வந்த கணக்கு இது:

தொடக்க இருப்பு: 600
வாங்கியது: 500 மாத்திரை பாட்டில் 62, அதாவது 31,000
கணக்குக் காட்ட வேண்டியது: 31,600

மருந்துச்சீட்டுக்கு விற்றது: 22,340
காலாவதியாகித் திருப்பி அனுப்பியது: 150
கையில் இருந்தது: 410
கணக்குக் காட்ட முடிந்தது: 22,900

குறைவு: 8,700

டி.இ.ஏ. ஆய்வாளர்கள் போடுவதும் இதே கணக்குதான். பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை, ஆனால் பல கடைகள் ஒருமுறைகூடத் தாமாக இதைப் போட்டுப் பார்த்ததில்லை.

8,700 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். 8,500 என்பது சரியாக 17 முழுப் பாட்டில். மாத்திரை எண்ணும் தட்டில் நேரும் தவறு 3, 10, 30 என்று சிதறலாக வரும், கூடவும் வரும் குறையவும் வரும். 500-இன் மடங்குகளாக வந்தால் யாரோ பிரிக்காத பாட்டிலையே எடுத்திருக்கிறார் என்று பொருள். மீதி 200-க்குக் காரணம் பெரும்பாலும் தொடக்க இருப்புதான். ஷெட்யூல் 3 முதல் 5 வரையுள்ள மருந்துகளில், 1,000 மாத்திரைக்கு மேல் கொள்ளாத பாட்டில் திறந்திருந்தால் உத்தேசமாக எழுதலாம் என்று விதி 1304.11 சொல்கிறது. 14 மாதத்துக்கு முன் யாரோ பாட்டிலைத் தூக்கிப் பார்த்து "600" என்று எழுதியிருந்தார்கள்.

வேறு சில மருந்துகளில் பத்து இருபது மாத்திரை குறைவும், ஸோல்பிடெமில் 30 கூடுதலும் இருந்தன. கூடுதல் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆய்வாளரின் பார்வையில் கூடுதலும் பதிவேட்டுப் பிழையே. யாருக்கோ குறைவாகக் கொடுத்திருக்கலாம், அல்லது வந்தது பதிவாகாமல் இருக்கலாம்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை

கோப்பில் 45 பாட்டிலுக்கான இன்வாய்ஸ்தான் இருந்தது. மீதி 17 பாட்டிலும் வழக்கமான மாலை ஆர்டருக்குப் பிறகு தனியாகப் போட்ட சிறு ஆர்டர்களில் வந்திருந்தன. அந்த இன்வாய்ஸ்கள் கோப்பில் இல்லை.

மென்பொருளில் இன்வாய்ஸ் மின்னணு முறையில் தானாகவே ஏறிவிடும். அப்படியானால் இருப்பு 500 கூடுதலாகக் காட்ட வேண்டுமே? ஒவ்வொரு முறையும் "எண்ணிக்கைத் திருத்தம்" என்ற காரணத்தோடு 500 கழிக்கப்பட்டிருந்தது. திருத்தப் பதிவு மென்பொருளில் பத்திரமாக இருந்தது, எடுத்துப் பார்த்தவர்தான் இல்லை. அதைவிடச் சங்கடமானது, திருத்தங்களில் பெரும்பாலானவை உரிமையாளரின் லாகினில் பதிவாகியிருந்தன. காலையில் அவர் உள்நுழைந்த கணினி நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

அரசின் கண்ணிலும் படாததற்குக் காரணம் உண்டு. மொத்த விற்பனையாளர்கள் டி.இ.ஏ.வுக்கு அனுப்பும் ஆர்கோஸ் அறிக்கையில் ஷெட்யூல் 2 மருந்துகளும் ஷெட்யூல் 3-இன் ஓபியாய்டுகளும் வரும். மருந்துக்கடைக்குப் போகும் அல்பிரசோலம் அதில் வராது. மாநிலத்தின் மருந்துச்சீட்டுக் கண்காணிப்புத் தளத்தில் நோயாளிக்கு விற்றது மட்டுமே ஏறும், பாட்டிலோடு மறைந்தது ஏறாது. ஆக அந்த 17 பாட்டிலைப் பார்க்கக்கூடிய இடங்கள் இரண்டே: மொத்த விற்பனையாளரின் வரம்புக் கணினி, கடையின் சொந்தக் கணக்கு.

எடுத்த முடிவுகள்

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மண்டல அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் மின்னஞ்சலில் போனது. பதிவு எண், மருந்து, வீரியம், தோராயக் குறைவு, கண்டறிந்த நாள், விசாரணை தொடர்கிறது என்ற வரி, அவ்வளவே. யார் எடுத்தார் என்று தெரிந்த பிறகு எழுதலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது. விதி ஆளைக் கேட்கவில்லை, இழப்பைத்தான் கேட்கிறது. திருட்டையும் இழப்பையும் விவரமாகத் தெரிவிக்கும் படிவம் 106-க்குத் தனிக் கெடு. 2023 ஜூலை 24 முதல் அதைக் கண்டறிந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் இணையவழியே தாக்கல் செய்ய வேண்டும். இந்த 45 நாளைப் பார்த்துவிட்டு முதல் கடிதத்துக்கும் அவ்வளவு அவகாசம் உண்டு என்று தவறாக எடுத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. காவல் நிலையத்துக்கும் மாநில மருந்தாளுநர் வாரியத்துக்கும் தனித்தனியாகத் தெரிவிக்கப்பட்டது.

ஆர்டர் போடும் மூத்த டெக்னீஷியனிடம் அன்று எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆர்டரை மட்டும், கேள்விப் பட்டியலுக்காக மொத்த விற்பனையாளர் கேட்டிருக்கிறார் என்று சொல்லி, உரிமையாளரே போட்டார்.

கண்காணிப்பு கேமரா 30 நாள் பதிவையே வைத்திருக்கும், பழையதன்மேல் புதியது ஏறிக்கொண்டே போகும். எனவே வியாழன் இரவே முழுவதும் நகலெடுக்கப்பட்டது. ஆர்டர் வெட்டப்பட்டு மூன்று வாரமாகியிருந்ததால் அந்த 30 நாளில் வந்து சேர்ந்த பாட்டில் ஒன்றுதான். அந்த ஒன்று பதிவில் இருந்தது. காலை எட்டு மணிக்குப் பிறகு அந்த டெக்னீஷியன் முத்திரையை அறுத்து, பாட்டிலைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, இன்வாய்ஸை இரண்டாக மடித்து மேலங்கிப் பையில் போடுவது தெளிவாகத் தெரிந்தது. லாகின் உரிமையாளருடையதாக இருந்த நிலையில் இந்தச் சில விநாடிகள்தான் ஆதாரம் ஆயின. காவல்துறை விசாரணையில் டெக்னீஷியன் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு முடிவு சிறியதாகத் தோன்றும், ஆனால் பின்னால் பெரிதும் உதவியது. காணாமல் போன இன்வாய்ஸ்களின் நகல்களை மொத்த விற்பனையாளரிடமிருந்து பெற்றபோது, அவற்றை மற்றவற்றோடு கலக்காமல் தனி உறையில், "நகல், இன்ன தேதியில் பெறப்பட்டது" என்று எழுதி வைத்தார்கள். பழைய இருப்புக் கணக்கில் விடுபட்ட குறிப்புகளையும் இப்போது எழுதி நிரப்பவில்லை. பதிவேடு இல்லாதது கவனக்குறைவு, பின்தேதியிட்டு உண்டாக்கினால் அது வேறு வகைக் குற்றம்.

மொத்த விற்பனையாளரும் நோயாளிகளும்

கேள்விப் பட்டியலுக்கு உண்மையான பதிலே போனது: கடைக்குள் திருட்டு, டி.இ.ஏ.வுக்குத் தெரிவித்தாகிவிட்டது. மறுநாளே எல்லாக் கட்டுப்பாட்டு மருந்துகளின் விநியோகமும் நிறுத்தப்பட்டது. ஆறு வாரம் எதுவும் வரவில்லை. இதற்கு மேல்முறையீடு என்று எதுவும் கிடையாது, மொத்த விற்பனையாளர் விற்றே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கட்டுப்பாட்டு மருந்துக்காக மட்டும் புதுக் கணக்குத் தொடங்க வருகிற கடையை இன்னொரு மொத்த விற்பனையாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். இங்கும் அப்படியே ஆனது.

பாதிப்பு முதலில் நோயாளிகளுக்கு. அல்பிரசோலத்தை நீண்டநாள் எடுப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வலிப்பு நோய்க்கான குளோபசாம், லாக்கோசமைடு, ஓபியாய்டு அடிமைத்தனச் சிகிச்சைக்கான பியூப்ரினார்ஃபின் எல்லாமே கட்டுப்பாட்டு மருந்துகள்தான். இருக்கிற இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று பார்த்து, நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தானவர்களின் பட்டியலை முதலில் எடுத்தார்கள். பிறகு மருத்துவர்களை அழைத்தார்கள்.

சீட்டுகளை வேறு கடைக்கு மாற்றுவதில் விதி மருந்துக்கு மருந்து வேறுபடும். ஷெட்யூல் 3 முதல் 5 வரை, மீதியுள்ள ரீஃபில்களை (அதே சீட்டுக்கு மீண்டும் வாங்கும் தவணைகளை) பொதுவாக ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அதனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, இருப்பில்லாத கடைக்கு மாற்றிவிட்டால் அங்கிருந்து மேலே நகர்த்த முடியாது. அழைத்துக் கேட்டு, மருந்து கையில் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே மாற்றினார்கள். ஷெட்யூல் 2-இல், இன்னும் வழங்காத மின்னணுச் சீட்டை நோயாளி கேட்டால் ஒருமுறை மாற்ற 2023 ஆகஸ்ட் 28 முதல் அனுமதி உண்டு. தாளில் எழுதிய சீட்டுக்கு அந்த வசதி இல்லை, மருத்துவர் புதிதாக எழுத வேண்டும். போனவர்களில் ஒரு பகுதியினர் மற்ற மருந்துகளையும் புதுக் கடையிலேயே வாங்கத் தொடங்கினார்கள். கடைக்கு உண்மையான பண இழப்பு மாத்திரையின் விலையில் இல்லை, இங்கேதான்.

டி.இ.ஏ. ஆய்வு

ஐந்தாவது வாரம் இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். முதலில் நீட்டியது படிவம் 82, ஆய்வு அறிவிப்பு. மறுக்கும் உரிமை உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கும். மறுத்தால் அவர்கள் நிர்வாக ஆய்வு வாரண்டோடு திரும்பி வரலாம். உரிமையாளர் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுச் சம்மதித்தார். விலை, நிதி விவரங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இந்த ஆய்வுக்குள் வராது. அந்தத் தாள்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

கேட்டவை: இருப்புக் கணக்குகள், இரண்டாண்டு இன்வாய்ஸ்கள், படிவம் 222 நகல்கள், அதில் கையெழுத்திட யாருக்கெல்லாம் அதிகாரப் பத்திரம் கொடுக்கப்பட்டது, படிவம் 106, விற்பனைப் பதிவு. அல்பிரசோலத்தில் அவர்களுக்கும் 8,700 குறைவே வந்தது. வியாழன் இரவுக் கணக்கிலிருந்து ஆய்வு நாள் வரை போட்டதில் ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை.

திருட்டைத் தவிர அவர்கள் குறித்த குறைகள்: கோப்பில் இல்லாத இன்வாய்ஸ்கள், ஷெட்யூல் 3 முதல் 5 வரையுள்ள சில இன்வாய்ஸ்களில் வந்து சேர்ந்த தேதி எழுதாதது, பழைய இருப்புக் கணக்கில் கடை திறக்கும்போதா மூடும்போதா என்ற குறிப்பு இல்லாதது, வேலையை விட்டுப் போன ஒருவரின் அதிகாரப் பத்திரம் ரத்து செய்யப்படாதது. சிறியவைபோல் தெரியும். ஆனால் பதிவேட்டுக் குறை ஒவ்வொன்றும் தனி மீறல். சட்டத்தில் எழுதியிருக்கும் உச்சத் தொகை ஒவ்வொன்றுக்கும் 10,000 டாலர், பணவீக்கத்துக்கேற்ப அது உயர்த்தப்பட்டு வருகிறது.

விளைவு

நான்காவது மாதம் டி.இ.ஏ.விடமிருந்து கண்டிப்புக் கடிதம் வந்தது. ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். சிவில் அபராத வழக்கு போடப்படவில்லை, பதிவும் தப்பியது. ஒரு வேலைநாளுக்குள் தாமே தெரிவித்ததும், ஆய்வுக்கு முன்பே திருத்தங்கள் நடைமுறைக்கு வந்திருந்ததும் இதில் கணிசமாக உதவியிருக்க வேண்டும். ஆனால் இதே நடத்தைக்கு எப்போதும் இதே முடிவு கிடைக்கும் என்று எந்தக் கடையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. மாநில வாரியம் பொறுப்பு மருந்தாளுநருக்கு அபராதம் விதித்தது. டெக்னீஷியனின் மாநிலப் பதிவு ரத்தானது, மாநில நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கடையில் மாறியவை

ஆர்டர் போடுபவர் பெட்டியைப் பிரிப்பதில்லை. முத்திரையை மருந்தாளுநரே அறுத்து, இன்வாய்ஸில் எண்ணிக்கை, தேதி, கையெழுத்து போட்டுக் கோப்பில் வைக்கிறார். ஒவ்வொரு திங்களும் மொத்த விற்பனையாளரின் கொள்முதல் அறிக்கையை உரிமையாளர் இறக்கி, கோப்பிலுள்ள இன்வாய்ஸ் எண்களோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறார். கால் மணி நேர வேலைதான். இதைச் செய்துவந்திருந்தால் முதல் பாட்டிலோடு நின்றிருக்கும், கேமராவோ கைரேகையோ வேண்டியிருக்காது.

இருப்புத் திருத்தம் மருந்தாளுநர் லாகினில் மட்டும். இரண்டு நிமிடம் தொடாவிட்டால் கணினி பூட்டிக்கொள்ளும், திறக்கக் கைரேகை வேண்டும். திருத்தப் பட்டியல் வாரந்தோறும் அச்சாகிறது. அல்பிரசோலம், குளோனசெபாம், டிரமடால், காரிசோப்ரடால் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துல்லிய எண்ணிக்கை. விதி அனுமதிக்கும் உத்தேசக் கணக்கை இந்தக் கடை இப்போது எந்த ஷெட்யூலுக்கும் எடுப்பதில்லை. கேமராப் பதிவு 90 நாள் இருக்கிறது.

திரும்பச் செய்தால் எதை மாற்றலாம்

மொத்த விற்பனையாளருக்கு உண்மையைச் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. "திருட்டு நடந்தது" என்று ஒரு மின்னஞ்சலும், திருத்தத் திட்டம் மூன்று வாரம் கழித்து இன்னொன்றுமாகப் போனது. அவர்களின் சட்டப் பிரிவு பரிசீலனையைத் தொடங்கியது இரண்டாவது மின்னஞ்சல் வந்த பிறகுதான். எண்ணிக்கைத் தாள், டி.இ.ஏ.வுக்குப் போன கடித நகல், புதிய நடைமுறை, மருத்துவர் வாரியான விற்பனைப் பட்டியல் நான்கையும் முதல் நாளே சேர்த்து அனுப்பியிருந்தால் அந்த மூன்று வாரம் மிச்சமாகியிருக்கலாம்.

முதல் "0" வந்த அன்றே, இது தட்டுப்பாடா வரம்பா என்று வாடிக்கையாளர் சேவையைக் கேட்டிருக்க வேண்டும். வரம்பின் அளவைச் சொல்லமாட்டார்கள், ஆனால் வெட்டியதற்குக் காரணம் வரம்பு என்பதையாவது சொல்வார்கள். அன்று கேட்டிருந்தால் கேமராவில் இன்னும் மூன்று வாரப் பழைய பதிவு மிஞ்சியிருக்கும்.

விநியோகம் மீண்டும் தொடங்கியபோது அல்பிரசோலத்துக்கான வரம்பு பழையதைவிடக் குறைக்கப்பட்டிருந்தது. திருடுபோன பாட்டில்களைச் சேர்க்காத உண்மையான விற்பனைக்கு அது ஏறக்குறையப் போதுமானதாகவே இருக்கிறது. மாதக் கடைசியில் மட்டும் சில நோயாளிகள் இரண்டொரு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.